முதுகு வலியை மொழிபெயர்ப்பது எப்படி?

முதுகு வலியை எக்ஸ்ரே முழுதாகக் காட்டுவதில்லை. படத்தில் தேய்மானம் உள்ள ஒருவர் கடைக்குப் போய் வந்துகொண்டிருப்பார். படம் நன்றாக இருக்கும் இன்னொருவர் கட்டிலை விட்டு எழ மாட்டார். ஆகவே வலி அன்றாட வாழ்க்கையை எவ்வளவு முடக்கியிருக்கிறது என்று நோயாளியிடமே கேட்டு அளக்கிறார்கள்.

இதற்கான கேள்வித்தாள்களில் ஒன்று இங்கிலாந்தின் ஆஸ்வெஸ்ட்ரி நகரில் உருவாகி 1980இல் வெளியானது. நடப்பது, உட்காருவது, உறங்குவது என 10 பகுதிகள். ஒவ்வொன்றிலும் 6 வாக்கியங்கள், 0 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 50, அதை இரட்டித்தால் சதவீதம். 1983இல் 24 வாக்கியங்கள் கொண்ட ரோலண்ட்-மோரிஸ் தாளும், 1995இல் 20 கேள்விகள் கொண்ட கியூபெக் தாளும் வந்தன. இம்மூன்றையும் பாரசீகத்தில் பெயர்த்துச் சோதித்த ஈரானிய ஆய்வு 2006இல் 'ஸ்பைன்' மருத்துவ இதழில் வெளிவந்தது.

பெயர்ப்பதற்கு அகராதி போதாதா என்று கேட்கலாம். மூலத்தில் "எந்த நாற்காலியிலும் விரும்பிய நேரம் உட்கார முடியும்" என்று ஒரு வாக்கியம் உண்டு. தரையில் அமர்ந்து உண்டு பழகிய குடும்பத்துப் பெண் அதற்குத் தயங்காமல் 'ஆம்' என்பார். சம்மணமிட்டு உட்கார முடியாத அவருடைய கஷ்டம் மதிப்பெண்ணில் வராது. நடையைக் கேட்கும் பகுதி மைல் கணக்கில் இருக்கிறது. ருகூஉ, ஸஜ்தாவுக்குக் குனிய முடியாமல் நாற்காலியில் தொழுபவரின் நிலையைக் கேட்க அதில் இடமே இல்லை. மூலத்தை எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. தங்கள் ஊர் நோயாளிகளைப் பார்த்து எழுதினார்கள்.

இதற்கென 2000இல் அதே இதழில் வெளியான வழிமுறை பரவலாகப் பின்பற்றப்படுகிறது. இருவர் தனித்தனியே பெயர்ப்பார்கள். ஒருவர் பொருள் அறிந்தவர், மற்றவர் அறியாதவர். இரண்டையும் ஒன்றாக்கிய பின், மூலத்தைப் பார்க்காத வேறு இருவர் அதை மறுபடி ஆங்கிலத்துக்குத் திருப்புவார்கள். மதரஸாவில் அரபு வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிப் பழகிய எனக்கு இந்தப் படி மிகவும் பிடித்தது. எங்கள் பாடங்களை யாராவது அப்படித் திருப்பியிருந்தால் பல பிழைகள் அன்றே அகப்பட்டிருக்கும்! பிறகு நிபுணர் குழு பார்த்து, 30 முதல் 40 பேரிடம் கொடுத்து, என்ன விளங்கியது என்று விசாரிக்கும்.

அதன் பிறகே சரிபார்ப்பு. அதே நோயாளியிடம் சில நாள் கழித்து மறுபடி கேட்டால் ஏறக்குறைய அதே மதிப்பெண் வர வேண்டும். இடைவெளி குறைந்தால் பழைய பதில் நினைவில் நிற்கும். கூடினால் வலியே மாறிவிடும். வலியின் அளவைக் கேட்கும் வேறு அளவுகோலோடும் அது ஒத்துப்போக வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத தாளை நம்பி, சிகிச்சை பலித்ததா, அறுவை தேவையா என்று தீர்மானித்தால் நஷ்டம் நோயாளிக்குத்தான்.

ஆஸ்வெஸ்ட்ரி தாளின் எட்டாம் பகுதி இல்லற உறவைப் பற்றியது. வெட்கத்தால் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். பொய்யாக எதையாவது குறிப்பதைவிட விட்டுவிடுவதே மேல் என்பேன். ஒரு பகுதி விடுபட்டால் 50க்குப் பதிலாக 45க்குக் கணக்கிட்டுச் சதவீதம் எடுக்க விதி இருக்கிறது. ஆனால் தரையில் உட்காருவதும் தொழுகையும் தாளில் இல்லை என்றால், டாக்டரிடம் நாமே வாய்விட்டுச் சொல்ல வேண்டியதுதான்.