பின் ஆக்ஸிலுக்கு வெல்டிங்கா? நேரா இருக்கான்னு கேட்டீங்களா?

குளச்சல், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் பக்கம் மீன் வண்டிக்குப் பின்னால் போயிருக்கீங்களா? ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் வழியெல்லாம் சொட்டிக்கொண்டே போகும். ரோட்டில் விழுவதற்கு முன் அந்தத் தண்ணீர் நனைக்கும் இடங்களில் ஒன்று, வண்டிக்கு அடியில் இருக்கும் பின் ஆக்ஸில். இந்தப் பக்கம் பேச்சிப்பாறை, கீரிப்பாறை என்று மலையேறினால், ரப்பர் ஷீட்டும் வாழைக்குலையும் ஏற்றிக்கொண்டு குண்டும் குழியுமான பாதையில் குலுங்கிவரும் ஜீப்கள். கடலோரத்தில் துரு, மலையோரத்தில் குலுக்கல். ஆக்ஸிலுக்கு இருக்கும் இரண்டு எதிரிகளும் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் அரை மணி, ஒரு மணி நேரத் தூரத்திலேயே இருக்கிறார்கள்.

ஆக்ஸில் டியூபில் விரிசல் என்று தெரிந்ததும் நம்மில் பலர் பட்டறையில் கேட்கும் முதல் கேள்வி, "சாயங்காலம் வண்டி கிடைச்சிருமா?" ஆனால், முதலில் கேட்க வேண்டியது வேறு. "வெல்டு அடிச்ச பிறகு டியூப் நேரா இருக்கான்னு எப்படிப் பார்ப்பீங்க?"

எந்த வண்டிக்கு இந்தக் கவலை?

ஆல்டோ, ஸ்விஃப்ட் மாதிரி முன் சக்கரம் இழுக்கும் கார்களுக்கு இந்தப் பிரச்னை கிடையாது. ஜீப், பொலேரோ, அம்பாசடர், ஆம்னி மாதிரி பின் சக்கரத்துக்கு சக்தி போகும் வண்டிகளில்தான் நடுவில் டிஃபரன்ஷியல், அதன் இருபுறமும் குழாய் என்ற அமைப்பு இருக்கும். சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் இந்தக் குழாய்க்குள்தான் ஓடுகிறது.

இதிலும் இரண்டு வகை உண்டு. பழைய ஜீப்களில் நடுப்பகுதி வார்ப்பிரும்பு. அதில் ஸ்டீல் டியூபை அழுத்திச் செருகி, துளைகள் வழியாக வெல்டு வைத்திருப்பார்கள். அம்பாசடர், ஆம்னி போன்றவற்றில் தகட்டை அழுத்தி உருவாக்கிய ஒரே உடம்பு. உங்க வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். வெல்டிங் முறையே அதைப் பொறுத்துத்தான் மாறும்.

வெல்டு வைத்தால் ஏன் வளைகிறது?

ஒரு பக்கம் மட்டும் வெயிலில் காயும் பனையோலையைப் பாருங்கள். காய்ந்த பக்கமாகச் சுருளும். இரும்பும் அப்படித்தான். வெல்டு வைக்கும் இடத்தில் ஸ்டீல் சுமார் 1,500 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. ஆறும்போது அது சுருங்கி, பக்கத்து இரும்பையும் சேர்த்து இழுக்கும். டியூபின் மேல்பக்கம் வெல்டு வைத்தால் முனை மேலே தூக்கும். ஸ்பிரிங் உட்காரும் சீட்டைக் கீழ்ப்பக்கம் வெல்டு செய்தால் முனை கீழே இறங்கும். எவ்வளவு திறமையான வெல்டராக இருந்தாலும் இந்தச் சுருக்கத்தை நிறுத்த முடியாது, கட்டுப்படுத்தத்தான் முடியும்.

சில மில்லிமீட்டர் என்ன பண்ணிடும்?

ஒரு சின்னக் கணக்கு. 600 மி.மீ நீளமுள்ள டியூப், அதாவது இரண்டு அடி. அதன் முனை 3 மி.மீ முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோ வளைந்தால், சக்கரம் இருநூறில் ஒரு பங்கு கோணலாக நிற்கும். இரண்டு பக்கமும் இப்படி இருந்தால், வண்டி ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர்கள் சுமார் 5 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படும். நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி சுமார் 20 கிலோமீட்டர். ஒரு தடவை போனாலே 100 மீட்டர் தூரம் டயரைத் தரையில் இழுத்த மாதிரிதான்!

டயரைக்கூட மாற்றிக்கொள்ளலாம். உள்ளே ஓடும் ஷாஃப்ட்தான் பெரிய கவலை. வளைந்த டியூபுக்குள் சுற்றும் ஷாஃப்ட், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது. கிலோமீட்டருக்குச் சுமார் 450 சுற்று என்றால், அதே 20 கிலோமீட்டரில் 9,000 தடவை. கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதே கதைதான். முதலில் ஆயில் சீல் கசியும், அடுத்து பேரிங் ஊளையிடும். சீலைத் தாண்டிய ஆயில் பிரேக்கில் இறங்கினால் பிடிப்பு போய்விடும். சில ஜீப்களில் சக்கரத்தைத் தாங்குவதே அந்த ஷாஃப்ட்தான். அது ஒடிந்தால் சக்கரமே கழன்று வரலாம். லோடோடு மலையிறங்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சரியான முறை என்ன?

* பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். ஆக்ஸிலை வண்டியிலிருந்து இறக்கிச் செய்வதே நல்லது. பெட்ரோல் டேங்கும் பிரேக் ஹோஸும் பக்கத்தில் இருக்கும்போது நெருப்போடு விளையாடக் கூடாது.
* கிரவுன் வீல், ஷாஃப்ட், பேரிங், ஆயில் சீல் எல்லாம் வெளியே வரணும். கியர் ஆயிலைச் சுத்தமாகத் துடைத்து, துருவைச் சுரண்டி, பளபளப்பான இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும்.
* அடுத்தது முக்கியமான கட்டம். தடிமனான, நேரான ஸ்டீல் கம்பி ஒன்றை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஹவுசிங்குக்குள் செருகுவார்கள். பேரிங் உட்காரும் இடங்களில் அளவாகக் கடைந்த வளையங்கள் இந்தக் கம்பியைத் தாங்கும். கம்பி கையால் தள்ளினாலே நகர்ந்தால் டியூப் நேர். இறுகினால் கோணல். இந்த வளையங்களை நல்ல லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம்.
* முதலில் நான்கு இடங்களில் சின்னச் சின்ன டாக். பிறகு ஓர் அங்குலம் வெல்டு, அடுத்த அங்குலம் நேர் எதிர்ப்பக்கம். கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறவிட்டு, கம்பியை நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. சுற்றி ஒரே இழுப்பில் வெல்டு ஓட்டினால் பார்க்க அழகாக இருக்கும். டியூப் வளைந்திருக்கும்.
* ஸ்டீலோடு ஸ்டீல் சேர்க்க 7018 ராடு நல்ல தேர்வு. ஆனால், ஈரம் இழுக்கும் ராடு அது. நம்ம ஊர் மழைக்காலத்தில் பிரித்துப்போட்ட பாக்கெட்டை அப்படியே பயன்படுத்தக் கூடாது, சூடாக்கி உலர்த்த வேண்டும்.
* வார்ப்பிரும்பு நடுப்பகுதியோடு டியூபைச் சேர்ப்பது தனிக்கலை. 200 முதல் 300 டிகிரி வரை முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் கலந்த ராடு பயன்படுத்துவார்கள். முடிந்ததும் தண்ணீர் ஊற்றவே கூடாது! உலர்ந்த சுண்ணாம்புத் தூளிலோ உமிச்சாம்பலிலோ மூடி மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் 'டிக்' என்ற சத்தத்தோடு வெல்டுக்குப் பக்கத்திலேயே புது விரிசல் விழும்.

நீங்களே எப்படிச் சோதிப்பது?

சமதளத்தில் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை நியூட்ரலில் வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்தைச் சுழற்றியபடி சாக்பீஸை அசையாமல் பிடித்து, இரண்டு டயர்களின் நடுவிலும் ஒரு கோடு போடுங்கள். வண்டியை இறக்கி, கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டிய பிறகு, இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள தூரத்தை டயரின் முன்பக்கம் ஒருமுறை, பின்பக்கம் ஒருமுறை அளந்து பாருங்கள். தரையிலிருந்து ஒரே உயரத்தில் அளக்கணும், அதுதான் முக்கியம். வித்தியாசம் ஏறக்குறைய இல்லாமல் இருக்க வேண்டும். 3 மி.மீ தாண்டினால், அலைன்மென்ட் சென்டரில் பின் சக்கரத்தையும் அளக்கச் சொல்லுங்கள்.

எப்போது வேண்டவே வேண்டாம்?

சுத்தியலால் தட்டும்போது துரு பாளம் பாளமாக உதிர்ந்தால், ஏற்கெனவே வெல்டு வைத்த இடத்திலேயே மறுபடி விரிசல் விட்டால், டியூப் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளைந்திருந்தால், வெல்டிங்குக்குச் செலவு செய்யாதீர்கள். அதே மாடலின் நல்ல ஹவுசிங் ஒன்றைத் தேடுவதே லாபம். வேறு வண்டியின் ஆக்ஸிலை மாற்றிப் போடலாமே என்று தோன்றினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு நினைவிருக்கட்டும். தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில் இருந்து வண்டியை மாற்றுவதற்கு அந்தப் பிரிவில் கட்டுப்பாடுகள் உண்டு.

மீன் வண்டி வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை ஆக்ஸிலை நல்ல தண்ணீரால் கழுவினாலே பாதிப் பிரச்னை குறையும். அதையும் மீறி விரிசல் வந்தால், வெல்டருக்கு ராடும் கூலியும் மட்டும் போதாது, ஆறவிடுவதற்கான நேரத்தையும் கொடுங்கள். ஒருநாள் லோடு போச்சே என்று தோன்றும்தான். மலையிறக்கத்தில் சக்கரம் ஒழுங்காக இருந்தால்தானே அடுத்த நாள் லோடு?