வழியில்லாக் காணி

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் நிலத்தின் பரப்பையும் நான்கு எல்லைகளையும் கூறியபின், கிணற்றிற் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் சேர்த்து எழுதுவது வழக்கம். அவ்வாறு எழுதிவைத்த நொத்தாரிசுமார் உலகியல் அறிந்தவர்கள். நாற்புறமும் பிறர் காணி சூழ்ந்திருக்க, உள்ளே சென்று வர ஓர் ஒழுங்கை இல்லையாயின், அந்த நிலம் உடையவனுக்குப் பெயரளவிலேயே உடைமையாகும். இந்த எளிய உண்மையை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் காங்கிரஸ் 1862ஆம் ஆண்டில் ஒரு பெருஞ் சட்டத்தில் எழுதாமல் விட்டது. அவ்வொரு வரி இல்லாமையால் மேய்ப்பரும் வேட்டைக்காரரும் பண்ணை முதலாளிகளும் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றப் படிகளில் ஏற நேர்ந்தது.

அதன் வரலாறு இன்னும் முற்பட்ட காலத்தில் தொடங்குகிறது. சுதந்திரம் பெற்ற புதிய நாட்டின் மேற்குப் பகுதிகளை அளந்து விற்பதற்கென 1785இல் ஒரு நிலச் சட்டம் இயற்றப்பட்டது. நிலம் முழுவதையும் பக்கம் ஆறு மைல் கொண்ட பெருஞ் சதுரங்களாகவும், அவை ஒவ்வொன்றையும் 36 சிறு சதுரங்களாகவும் பிரிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சிறு சதுரம் ஒன்றின் பரப்பு ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். நில அளவையாளர் சங்கிலி கொண்டு அளந்து, மூலைகளில் அடையாளம் நாட்டிச் சென்றனர். மலையும் ஆறும் பள்ளத்தாக்கும் குறுக்கிட்டபோதும் கோடுகள் வளையவில்லை.

உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862ஆம் ஆண்டு யூலைத் திங்கள் முதலாம் நாள், பசுபிக் கரைவரை புகையிரதப் பாதை அமைக்கும் சட்டத்தில் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்டார். அரசிடம் பணம் அரிது, நிலமோ ஏராளம். ஆதலால் பாதையின் இருமருங்கும் ஒற்றை எண் கொண்ட சதுரங்கள் புகையிரதக் கொம்பனிகளுக்குக் கொடையாக வழங்கப்பட்டன. இரட்டை எண் சதுரங்களை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. முதலிற் பாதையின் ஒவ்வொரு பக்கத்திலும் பத்து மைல்வரை சென்ற இக்கொடை, 1864இல் இருபது மைலாக விரிக்கப்பட்டது.

இதில் ஒரு வணிகக் கணக்கும் இருந்தது. புகையிரதம் ஓடத் தொடங்கினால் அயல் நிலத்தின் மதிப்பு உயரும். ஏக்கர் ஒன்றே கால் டொலராக விற்ற நிலம் இரண்டரை டொலருக்கு விலைபோகும். ஆகவே பாதி நிலத்தைக் கொடுத்தும் அரசுக்கு நட்டமில்லை என்று கருதினர். 1869ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் யூட்டாவிலுள்ள புரோமொன்டறி என்னுமிடத்தில் கிழக்கிலிருந்து வந்த தண்டவாளமும் மேற்கிலிருந்து வந்த தண்டவாளமும் இணைந்தன. நாட்டின் குறுக்கே புகையிரதம் ஓடிற்று. அதன் இருபுறமும் ஒரு மாபெருஞ் சதுரங்கப் பலகை விரிந்து கிடந்தது.

ஆயினும் தென் வயோமிங் போன்ற இடங்களிற் கணக்குப் பொய்த்தது. அங்கே மழை குறைவு, குளிர் கொடிது. குடியேறுவோர்க்கு அரசு இலவசமாகக் கொடுத்த 160 ஏக்கரைக் கொண்டு அந்நிலத்தில் ஒரு குடும்பம் பிழைத்தல் அரிது. இரட்டை எண் சதுரங்களுள் மிகப் பல கொள்வாரின்றி அரச காணியாகவே நின்றன. ஒற்றை எண் சதுரங்கள் காலப்போக்கில் மாட்டுப் பண்ணையாளரையும் ஆட்டுப் பண்ணையாளரையும் சேர்ந்தன.

சதுரங்கப் பலகையில் ஒரே நிறக் கட்டங்கள் பக்கத்தால் ஒட்டுவதில்லை. மூலையால் மட்டுமே தொடுகின்றன. ஆகவே அரச காணி ஒன்றிலிருந்து அடுத்த அரச காணிக்குச் செல்ல விரும்புபவன் ஒரு புள்ளியைக் கடந்தே செல்ல வேண்டும். புள்ளிக்கு அகலமில்லை, மனித உடலுக்கு அகலமுண்டு. பாதம் அரச காணியிலேயே பதிந்தாலும், தோள் ஒரு கணம் பிறன் காணியின் மேலுள்ள வெளியில் நீளும். நிலத்தை உடையவன் அதன் மேலுள்ள ஆகாயத்தையும் உடையவன் என்பது பழைய ஆங்கிலச் சட்டக் கொள்கை. அதன்படி அந்த ஒரு கணமும் அத்துமீறலே என வாதிக்க இடமுண்டாயிற்று.

1874இல் முட்கம்பிக்குப் புதிய காப்புரிமை ஒன்று வழங்கப்பட்டதன்பின் சமவெளியெங்கும் வேலிகள் எழுந்தன. பெரும் பண்ணையாளர் சிலர் தம் சதுரங்களை மட்டுமன்றி இடையிலிருந்த அரச சதுரங்களையும் வளைத்துக்கொண்டனர். இதனைத் தடுக்க 1885இல் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றிற்று. பொதுநிலத்தை எவரும் வேலியாலோ, அச்சுறுத்தலாலோ, வேறெவ்வித முறைகேடான வழியாலோ பிறர்க்கு அடைத்தல் ஆகாது என்பது அதன் சாரம். கொலராடோவில் ஒரு பண்ணையாளர் தம் சொந்தக் காணியின் ஓரத்திலேயே கம்பங்களை நாட்டி, உள்ளே ஏறக்குறைய 20,000 ஏக்கர் அரச காணி அகப்படுமாறு வேலி அமைத்தார். தம் நிலத்தில் தாம் நாட்டிய வேலியை எவர் தடுக்க முடியும் என்பது அவர் வாதம். 1897இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்காது, வேலியை அகற்றப் பணித்தது.

ஆனால் எல்லாத் தீர்ப்பும் ஒரே திசையிற் செல்லவில்லை. வயோமிங்கிலுள்ள செமினோ நீர்த்தேக்கத்துக்கு மீன்பிடிப்போரும் வேட்டைக்காரரும் செல்வதற்கென அரசு ஒரு சாலை வெட்டியது. அது தனியார் சதுரத்தின் ஊடே சென்றது. ஆட்டுப் பண்ணைக் கொம்பனி வழக்குத் தொடுத்தது. 1979இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கொம்பனிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1862இல் நிலத்தைக் கொடுத்தபோது அரசு வழியுரிமை எதனையும் தனக்கென ஒதுக்கி வைக்கவில்லை; இப்போது சாலை வேண்டுமாயின் நட்டஈடு கொடுத்து நிலம் பெறுக என்பது தீர்ப்பின் பொருள். எழுதாமல் விட்ட வரி அரசின் காலையே இடறிற்று.

இங்கிலாந்திற் பல நூற்றாண்டுகளாக மானும் காடும் மன்னர்க்கும் நிலக்கிழார்க்கும் உரியனவாயிருந்தன. ஏழை ஒருவன் மானைக் கொன்றாற் கடுந்தண்டனை பெற்றான். அமெரிக்காவில் வேறொரு மரபு வளர்ந்தது. காட்டு விலங்கு மக்களுக்குப் பொதுவான சொத்து. மாநில அரசு அதனைக் காத்து, உரிமச் சீட்டுப் பெற்றவர்க்குப் பருவம் பார்த்து வேட்டையாட அனுமதி கொடுக்கும். எல்க் எனப்படும் பெருமானின் வளர்ந்த ஆண், ஏறக்குறைய 700 இறாத்தல் எடையுள்ளது. ஒரு குடும்பத்தின் குளிர்கால இறைச்சி அதில் அடங்கும். விலங்கும் பொது, நிலமும் பொது. நுழைவழி மட்டும் தனியார் கையிலெனின், அப்பொதுமை எவர்க்குப் பயன்படும்? வசதி படைத்தவர் பண்ணையாளருக்குப் பெருந்தொகை கொடுத்து உள்ளே செல்வர். ஏனையோர் வேலிக்கு வெளியே நிற்பர். நீங்கியதாக எண்ணிய பழைய வேறுபாடு வேறுருவில் மீண்டும் வந்தது.

இக்கேள்விக்கு விடை தேடித் தந்தது ஓர் ஏணி. வயோமிங்கின் காபன் மாவட்டத்தில் எல்க் மலை என்றொரு மலையுண்டு. அதனைச் சூழ 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட தனியார் பண்ணை ஒன்று அரச சதுரங்களோடு கலந்து கிடக்கிறது. 2020இல் மிசூரி மாநிலத்திலிருந்து வந்த வேட்டைக்காரர் சிலர், மூலை ஒன்றில் இரு இரும்புக் கம்பங்கள் நாட்டப்பட்டுச் சங்கிலியால் இணைக்கப்பட்டிருக்கக் கண்டனர். கம்பங்களைப் பற்றிச் சுற்றி மறுபுறம் இறங்கினர். அடுத்த ஆண்டு நால்வர் ஓர் இரும்பேணியுடன் வந்தனர். ஏணியின் கால்கள் இருபுறமும் அரச காணியிலேயே ஊன்றப்பட்டன. தனியார் மண்ணை அவர்கள் மிதிக்கவில்லை.

ஆயினும் அத்துமீறிப் புகுந்தனர் என்று அவர்கள்மீது குற்றஞ் சாட்டப்பட்டது. 2022இல் யூரிமார் அவர்களைக் குற்றமற்றவர் எனக் கண்டனர். நிலவுடைமையாளரோ தமது காணியின் மதிப்பு எழுபது இலட்சம் டொலருக்கு மேற் குறையும் என்று கூறிச் சிவில் வழக்குத் தொடுத்தார். அவர் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. விலை கொடுத்து வாங்கி வரியும் செலுத்தும் நிலத்தின் எல்லையைப் பிறர் மதிக்க வேண்டுமென்று கேட்பது எந்நாட்டிலும் இயல்பே.

2023இல் மாவட்ட நீதிமன்றமும், 2025 மார்ச்சில் டென்வரிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றமும் வேட்டைக்காரருக்குச் சார்பாகத் தீர்த்தன. அத்தீர்ப்பின் அடிப்படை, 140 ஆண்டுகளுக்கு முன் மாட்டுப் பண்ணையாளரின் வேலிகளுக்கெதிராக எழுந்த அதே 1885ஆம் ஆண்டுச் சட்டம். கம்பியால் அடைத்தாலென்ன, வழக்கென்னும் அச்சத்தால் அடைத்தாலென்ன, பொதுநிலத்தை அடைத்தல் அடைத்தலே என நீதிபதிகள் கொண்டனர். 2025 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் இவ்வழக்கை மேலும் விசாரிக்க மறுத்தமையால் தீர்ப்பு நிலைத்தது.

எனினும் முடிவு முழுமையானதன்று. அது வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிக்கோ, கான்சாஸ், ஒக்லகோமா ஆகிய ஆறு மாநிலங்களையே கட்டுப்படுத்தும். மொன்டானா முதலியன அதற்குப் புறம்பானவை. மேற்கு மாநிலங்களில் மூலைவழி மட்டுமே உடைய பொதுநிலம் 83 இலட்சம் ஏக்கர் என்பது 2022இல் வெளியான ஒரு மதிப்பீடு. அஃது இலங்கைத் தீவின் பரப்பில் ஏறக்குறையப் பாதி. மூலையாற்கூடத் தொடாது, நாற்புறமும் தனியார் காணியால் அடைபட்ட பொதுநிலங்களுக்கோ எந்த ஏணியும் உதவாது.

1862இன் சட்டகாரர் தீய எண்ணங் கொண்டவரல்லர். நிலத்தை வரைபடத்திற் பார்த்தவர்கள், அதன்மேல் ஒருவன் நடந்து செல்வான் என்பதை எண்ணவில்லை. பங்கு பிரிக்கும்போது பரப்பளவோடு வழியையும் எழுதிவைத்தல் வேண்டும் என்பதை நம் ஊர் உறுதிகள் நெடுங்காலமாகக் கூறி வருகின்றன. அந்த ஒரு வரிக்கு ஈடாக, அமெரிக்காவில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வழக்கும் ஓர் இரும்பேணியும் வேண்டியிருந்தன.