யூனியன் தீயணைப்புக் குழு, பிலடெல்பியா

யூனியன் தீயணைப்புக் குழு என்பது 1736 டிசம்பர் 7 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பெஞ்சமின் பிராங்கிளினும் நண்பர்களும் தொடங்கிய தன்னார்வ அமைப்பாகும்.

அதற்கு முந்தைய ஆண்டே பிராங்கிளின், பென்சில்வேனியா கெசட் இதழில் முதிய குடிமகன் ஒருவர் எழுதுவதுபோல் ஒரு கடிதம் வெளியிட்டார். திறந்த கரண்டியில் தணலை அறைக்கு அறை கொண்டுசெல்வதன் ஆபத்தை எடுத்துக்கூறி, பாஸ்டன் நகரைப்போல் முறையான தீயணைப்பு ஏற்பாடு தேவை என்றார்.

குழுவின் விதிகள் எளிமையானவை. ஒவ்வோர் உறுப்பினரும் தண்ணீருக்குத் தோல் வாளிகளும், பொருள்களை மீட்கப் பைகளும் கூடைகளும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். மாதக் கூட்டத்துக்கு வராதவர் அபராதம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் தீயணைப்பு இயந்திரம், ஏணி, கொக்கிகள் வாங்கப்பட்டன. உறுப்பினர் எண்ணிக்கை 30 என வரையறுக்கப்பட்டதால், மேலும் சேர விரும்பியவர்கள் தனிக் குழுக்களை அமைத்தனர். இவ்வாறு நகரெங்கும் குழுக்கள் பெருகின.

ஆனால் ஒற்றுமை நிலைக்கவில்லை. 1818-இல் கறுப்பின மக்கள் தமக்கென ஒரு தீயணைப்புச் சங்கம் அமைத்தபோது வெள்ளையர் குழுக்கள் எதிர்த்தன, அம்முயற்சி கைவிடப்பட்டது. பின்னர் குழுக்களிடையே நிலவிய போட்டி தெருச்சண்டையாகவும் முற்றியது. 1871-இல் ஊதியம் பெறும் நகரத் தீயணைப்புத் துறை பொறுப்பேற்றது.

அண்டை வீட்டாரின் உறுதிமொழியாகத் தொடங்கிய பணி, யாவருக்கும் உரிய பொதுக் கடமையாக வளர ஏறத்தாழ 135 ஆண்டுகள் ஆயின.