குப்பம்மாளுக்கு மூத்த பிள்ளை

திருக்கடையூரில் முகூர்த்த நாளென்றால் விடியும் முன்பே தெரு நிறைந்துவிடும். அறுபதுக்கும் எழுபதுக்கும் எண்பதுக்கும் வந்த தம்பதிகள் மாலையும் கழுத்துமாக வரிசையில் நிற்க, மகனும் மருமகளும் கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றுவார்கள். ஊரின் விடுதி, சமையல், புரோகிதம், பூக்கடை எல்லாம் சஷ்டியப்தபூர்த்தி போன்ற இந்தச் சடங்குகளை நம்பித்தான் ஓடுகின்றன. ஆனால் உள்ளே இருக்கிற கதை முதுமையைப் பற்றியது அல்ல. அதன் நடுவில் நிற்பவன் மார்க்கண்டேயன் என்ற பதினாறு வயதுப் பையன். பிள்ளையில்லாத மிருகண்டு முனிவருக்கும் மருத்துவதிக்கும் இறைவன் இரண்டு வழி காட்டினான்: அறிவில்லாத பிள்ளை நெடுநாள் வாழும், நற்குணமுள்ள பிள்ளைக்குப் பதினாறு வயதுதான். அவர்கள் இரண்டாவதைக் கேட்டார்கள். லிங்கத்தைக் கட்டிக்கொண்ட பையன்மேல் எமன் வீசிய பாசக்கயிறு விழுந்த தழும்பு என்று அர்ச்சகர் தீபத்தை உயர்த்திக் காட்டும் கோடு அமிர்தகடேசுவரர் லிங்கத்தின் மேல் இருக்கிறது. காலசம்காரமூர்த்தியின் காலடியில் எமன் கிடக்கிறான். மகனின் பக்தியையும் சிவனின் சினத்தையும் விரித்துச் சொல்கிற புராணம், ஒவ்வொரு பிறந்தநாளும் மீதி நாளைக் குறைக்கிறது என்று தெரிந்தே அவனை வளர்த்த மருத்துவதியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. புராணம் மட்டுமல்ல, வரலாறும் அப்படித்தான். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு மறுபடி வயிற்றில் சுமந்தவளின் பயம் எந்தக் கல்வெட்டிலும் ஏறவில்லை. ஆனாலும் அது பதிவாகாமல் போகவில்லை. பதிவான இடம் பிழைத்த பிள்ளையின் பெயர்.

அது ஏன் வேறெங்கும் பதிவாகவில்லை என்பதை முதலில் பார்க்க வேண்டும். தீட்டுக் கழிந்து பதினோராம் நாள் புண்ணியாகவாசனம் செய்துதான் பெயர் வைப்பார்கள். அதற்குள் போன குழந்தைக்குப் பெயரே கிடையாது. இரண்டு வயது நிரம்பாத குழந்தையை எரிக்காமல் புதைக்கச் சொல்கின்றன தர்ம சாஸ்திரங்கள். சாஸ்திரம் பார்க்காத வீடுகளிலும் அதுதான் வழக்கம். புதைத்த குழந்தைக்குக் கருமாதி இல்லை, திதி இல்லை, படையலில் தனி இலை இல்லை. கோயில் சுவர்களில் சோழர் காலத்து விளக்கும் நிலமும் கணக்கோடு நிற்கின்றன. அந்த விளக்குக்கு நெய் ஊற்றிய வீட்டில் எத்தனை தொட்டில் வெறுமையானது என்பதற்குக் கணக்கு இல்லை. பிறப்பு, இறப்பைப் பதிவதற்கென்று சென்னை மாகாணத்தில் 1899-இல்தான் தனிச் சட்டம் வந்தது. 1910-களில் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 200 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை என்பது அரசாங்கக் கணக்கு. எழுதாமல் விட்டதையும் சேர்த்தால் அது கூடுமே தவிரக் குறையாது. அதாவது நான்கைந்து பெற்றவள் ஒன்றையாவது பறிகொடுத்திருப்பாள் என்பது அன்றைய சாதாரண நிலை. தஞ்சைப் பக்கம் இதற்கு ஒரே வார்த்தைதான்: ‘தங்கல.’ செத்துப்போனது என்று சொல்வதில்லை. வந்தது, தங்கவில்லை, அவ்வளவுதான்.

ஒன்றிரண்டு தங்காமல் போன வீட்டில் அடுத்தது பிறந்தால் என்ன செய்தார்கள்? குழந்தையைக் குளிப்பாட்டிய கையோடு எருக்குழிக்கோ குப்பைமேட்டுக்கோ கொண்டுபோய் அதில் கிடத்தி எடுத்தார்கள். சில வீடுகளில் மெல்லப் புரட்டியும் எடுத்தார்கள். முறத்தில் போட்டு வாசலுக்குக் கொண்டுவந்து, பக்கத்து வீட்டு அத்தையோ பாட்டியோ ஒரு படி தவிட்டைக் கொடுத்து ‘வாங்கி’, பிறகு தாயின் மடியிலேயே திருப்பிப் போட்டு, “இது எம்புள்ளடி, நீ வளத்து மட்டும் குடு” என்பதும் உண்டு. ஆண்பிள்ளைக்கு மூக்குக் குத்தினார்கள். அந்த மூக்குத்திக்கான காசை நாலு வீட்டில் மடியேந்தி வாங்கினார்கள். முதல் சட்டையும் இரவல்தான், பிள்ளை நன்றாகத் தங்கிய வீட்டில் கேட்டு வாங்கிய பழந்துணி. குப்பன், குப்பாயி, குப்பம்மாள், குப்புசாமி, பிச்சை, பிச்சைக்கண்ணு, பிச்சையம்மாள், மூக்கன், மூக்காயி என்று பெயர்கள் இப்படி வந்தவை. எட்கர் தர்ஸ்டன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றியும் நம்பிக்கைகளைப் பற்றியும் எழுதிய நூல்களில் இந்த வகைப் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. தெலுங்கில் பெண்டய்யா, கன்னடத்தில் திப்பய்யா என்றால் நம் குப்புசாமிதான். வங்காளத்துத் தீன்கோரி மூன்று சோழிக்கு விற்கப்பட்டவன், பாஞ்ச்கோரி ஐந்து சோழிக்கு. காவிரிப் படுகைக்கென்று ஒரு தனிப் பெயர் உண்டு, பக்கிரி. நாகூர் ஆண்டவரிடம் வேண்டிக்கொண்டு, பிறந்த பிள்ளையை அந்தப் பக்கீரின் பிள்ளையாக எண்ணி வைத்த பெயர் அது. நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் பக்கிரிசாமி இல்லாத இந்துத் தெரு முன்பு அரிது. நாகூர் தர்காவின் 131 அடிப் பெரிய மினாராவைத் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப்சிங் பிள்ளை வரத்துக்கு நன்றியாகக் கட்டினார் என்றுதான் அங்கே சொல்வார்கள். இந்த விஷயத்தில் அரண்மனைக்கும் குடிசைக்கும் ஒரே வாசல். “உன்னத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்” என்று இன்றும் பிள்ளைகளைச் சீண்டிச் சிரிக்கிறோமே, ஒரு காலத்தில் அதை யாரும் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

இந்தச் சடங்கெல்லாம் எமனையும் கண்ணேற்றையும் ஏமாற்றும் தந்திரம் என்பதுதான் வழக்கமான விளக்கம். மதிப்பில்லாத பண்டத்தை யார் தூக்கிக்கொண்டு போவான் என்ற கணக்கு. அது சரியே, ஆனால் பாதிதான் சரி. எமன் ஏமாந்தானோ இல்லையோ, அந்தத் தாய்க்கு இது என்ன செய்தது என்று கேட்டால்தான் மீதி தெரியும். வளைகாப்பும் சீமந்தமும் பெரும்பாலான வீடுகளில் தலைப்பிள்ளைக்குத்தான். தலைச்சனைப் பறிகொடுத்தவள் இரண்டாவது முறை ஏழாம் மாதத்தை எட்டும்போது அவள் கைக்கு வளையல் அடுக்க யாரும் வருவதில்லை. வருகிறவர்களும் வயிற்றைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். பிறக்கும் முன் தொட்டில் வாங்கக் கூடாது, துணி தைக்கக் கூடாது என்ற விலக்குகள் எல்லாத் தாய்மாருக்கும் உண்டென்றாலும், இவளுக்கு அவை விலக்காக இல்லை, நிம்மதியாக இருந்திருக்கும். ஆசைப்படவும் பயம், ஆசைப்படாமல் இருக்கவும் முடியாது என்ற நிலைக்குத் தவிட்டு வியாபாரம் ஒரு வழி திறந்தது. பிள்ளை இன்னொருத்தியுடையது, பால் கொடுப்பது மட்டும்தான் இவள் வேலை. தன்னுடையது என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளாமலே மார்போடு அணைத்துக்கொள்ளலாம். போனால் விற்ற பிள்ளை போயிற்று; தங்கினால் நாளாக ஆக அது தன் பிள்ளையாகிவிடும். சுமையில் ஒரு பங்கை அண்டைவீட்டுக்காரி வாங்கிக்கொள்கிறாள், ஒரு படி தவிட்டு விலையில். இது நம் நாட்டோடு நின்றுவிடவில்லை. ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷியின் முதல் மகனுக்குச் செல்லப்பெயர் ‘சுதெ’, தூக்கியெறிந்தது என்று பொருள். அவன் 1591-இல் இறந்தான். 1593-இல் பிறந்த அடுத்தவனை ‘ஹிரோய்’, பொறுக்கியெடுத்தது என்று அழைத்தார்கள். நைஜீரியாவின் யொரூபா மக்கள் அப்படிப் பிறந்த பிள்ளைக்கு ‘இனிமேல் போகாதே’ என்ற பொருளிலேயே பெயர் வைப்பார்கள். ஒன்றையொன்று அறியாத ஊர்கள் ஒரே காரியத்தைச் செய்திருக்கின்றன என்றால் அதை வெறும் மூடத்தனம் என்று ஒதுக்குவதற்கு முன் கொஞ்சம் நிற்க வேண்டும். திருக்கடையூர்க்காரர்களுக்கோ இரண்டு வழியும் கையில் இருந்தன. காலனை வென்றவன் பெயரையே வைத்து மார்க்கண்டன், மார்க்கண்டு என்று கூப்பிடலாம். அல்லது குப்பையில் ஒளித்துவைக்கலாம். ஒன்று எமனை எதிர்த்து நிற்பது, மற்றது அவன் கண்ணில் படாமல் இருப்பது. பயம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. குப்பன், குப்பாயி என்பவை தாய் ஆசைப்பட்டு வைத்தவை அல்ல. பண்ணையாட்களின் பிள்ளைகளுக்கு நல்ல பெயர் வைக்க மிராசுதார்கள் விடாததால் வந்தவை என்பது அது. தஞ்சை மாவட்டத்தில் சாதியும் நிலமும் எப்படி இறுகிக் கிடந்தன என்று தெரிந்தவர் யாரும் இதை மறுக்க மாட்டார்கள். சாமி என்றோ ஐயா என்றோ முடியும் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டி வருமே என்பதற்காகவே பெயரைக் குறுக்கிய காலம் அது. ஆனால் இழிவு செய்ய மட்டுமே பிறந்த பெயர் என்றால் அக்கிரகாரத்தில் அது இருந்திருக்கக் கூடாது. தியாகராஜரின் சீடர் வீணை குப்பய்யர். 1880-இல் பிறந்து சமஸ்கிருதப் புலமையில் நாடறிந்த மகாமகோபாத்தியாய குப்புசாமி சாஸ்திரி தஞ்சைப் பக்கத்துக் கணபதி அக்கிரகாரத்துக்காரர். நாகசுரத்தில் கொடிகட்டியவர் மன்னார்குடி சின்னப்பக்கிரி. இவர்கள் ஒவ்வொருவருக்கும் அந்தப் பெயர் வந்த காரணத்தை நான் சொல்ல வரவில்லை. பெயர் எல்லாத் தெருவிலும் புழங்கியது என்பதே போதும். மேல்தெரு அதோடு ‘சாமி’யையும் ‘அய்யர்’ என்பதையும் ஒட்டிக்கொண்டது, கீழ்த்தெருவுக்கு அந்த ஒட்டு கிடைக்கவில்லை. சாதி புகுந்த இடம் அந்த ஒட்டில்தான். குப்பை எல்லாருக்கும் பொதுவாக இருந்தது, எல்லார் வீட்டுத் தொட்டிலும் ஆடாமல் நின்றதால்.

இன்னொரு மறுப்பு: பிச்சை என்பது பிட்சாடனராகிய சிவன் பெயராக இருக்கலாம், தாத்தா பெயர் பேரனுக்கு வந்திருக்கலாம், ஒவ்வொரு குப்பனுக்குப் பின்னும் ஒரு சவக்குழியைத் தேடுவது அதீதம். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். தனி ஒரு பெயரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் பேரனுக்கு வந்த பெயர் தாத்தாவுக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மிஞ்சுகிறது. மாற்றி மாற்றித் தாத்தா பெயரே வரும் குடும்பத்தில் திடீரென்று ஒரு மூக்கனோ பக்கிரியோ தலைகாட்டினால், அந்த இடத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். பழைய வாக்காளர் பட்டியலையும் பத்திரங்களையும் அந்தக் கண்ணோடு யாரும் படிக்கவில்லை என்பது நம் வரலாற்றெழுத்தின் குறை.

மூடநம்பிக்கையை ஏன் இத்தனை கரிசனத்தோடு எழுத வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். சடங்கு ஒரு குழந்தையையும் காப்பாற்றவில்லை. தொப்புள்கொடி அறுத்த அரிவாளின் வழியாக ஏறிய ரணஜன்னி, பிறந்த ஓரிரு வாரத்துக்குள் எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனது. குப்பைமேட்டில் கிடத்தியது அந்த ஆபத்தைக் கூட்டியிருக்கவும் கூடும். அதை நிறுத்தியது தடுப்பூசியும் கொதிக்கவைத்த கத்தியும். பச்சைக் குழந்தைகளின் ரணஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டது என்ற உலக சுகாதார நிறுவனத்தின் சான்று 2015-இல்தான் வந்தது. முதல் பிள்ளை நன்றாகப் பிறந்து, அடுத்தடுத்தவை வயிற்றிலேயோ மஞ்சள் காமாலையிலோ போன வீடுகளில் ஒரு பங்குக்குக் காரணம் ரத்த வகை: தாய்க்கு ஆர்எச் நெகட்டிவ், பிள்ளைக்குப் பாசிட்டிவ். இது தெரிய வந்தது 1940-க்குப் பிறகு. தடுக்கும் ஊசி 1968-இல் வந்தது. அதுவரை பழி முழுவதும் அவள் ராசி மீதும் ஜாதகத்தின் மீதும் விழுந்தது. ‘புள்ளைய முழுங்கினவ’ என்று அவள் காதுபடவே சொன்னது தவிடு கொடுத்து வாங்கிய அதே ஊர்தான். ஆகவே பழைய காலம் தாய்க்கு இதமானது என்று நான் வாதாடவில்லை. அவள் பயத்தைச் சொல்வதற்கு அன்று ஒரு மொழி இருந்தது. உயிரைக் காக்க வழி இல்லை. இன்று வழி இருக்கிறது, மொழி இல்லை. என் வாதம் அவ்வளவுதான்.

1971-இல் தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கு 113 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன; 2020-இல் 13. குப்பன்களும் பிச்சைகளும் தொட்டில்களிலிருந்து மறைந்ததும் இதே காலத்தில்தான். சினிமாவும் திராவிட இயக்கமும் எண் கணித ஜோதிடரும் பெயர்களை மாற்றியதில் பெரும்பங்கு வகித்தார்கள், சந்தேகமில்லை. ஆனால் தேவை தீர்ந்த பெயர்களை மாற்றுவது எளிது. எஞ்சியிருப்பவர்கள் அந்தப் பதிமூன்று வீட்டுப் பெண்கள், அவர்களோடு கரு கலைந்தவர்கள், இறந்தே பிறந்த குழந்தையைப் பெற்றவர்கள். கரு கலைந்தால் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஆறு வாரச் சம்பள விடுப்பு என்று 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு சட்டமே சொன்னது. உடம்பு தேற அது உதவும். மறுபடி உண்டானதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்டை எழுதுவார்கள். அதில் ஒரு மூலையில் ஜி 2, பி 1, எல் 0 என்று இருக்கும். இரண்டாவது கர்ப்பம், ஒரு பிரசவம், உயிரோடு இருக்கும் பிள்ளை இல்லை என்று அர்த்தம். அவள் கதை முழுவதும் அந்தச் சுழியில் அடங்கிவிடுகிறது. அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அவள் பாபநாசம் பக்கத்துத் திருக்கருகாவூருக்கும் போகிறாள். முனிவரின் சாபத்தால் கலைந்த வேதிகையின் கருவைக் குடத்தில் வைத்துக் காத்து, பிள்ளையாக்கிக் கொடுத்த கர்ப்பரட்சாம்பிகை இருக்கும் இடம் அது. கருத்தரிக்க நெய், சுகப்பிரசவத்துக்கு விளக்கெண்ணெய் என்று பிரசாதம் தருகிறார்கள். அந்த வரிசையில் நிற்கும் எல்லாரும் அறிவியலை நம்பாதவர்கள் என்று எண்ணினால் தவறு. ஸ்கேன் படத்தையும் எண்ணெய்ப் புட்டியையும் ஒரே பைக்குள் வைத்திருப்பவர்கள்தான் அதிகம்.

உங்கள் வீட்டிலும் ஒரு குப்பம்மாளோ பிச்சையோ பக்கிரிசாமியோ இருந்திருப்பார். வீட்டின் மூத்தவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்: அவருக்கு முன்னால் எத்தனை, எந்த மாதம், எங்கே புதைத்தார்கள், தவிடு கொடுத்தது யார். கிடைத்ததைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்தக் குழந்தைகளுக்கு வேறு பதிவேடு கிடையாது.