காலியான நாற்காலியும் தற்செயல் தேர்தலும்

நம் காட்டூரையும் பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களையும் உள்ளடக்கிய திருவள்ளூர் மாவட்டத்தில், 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 சனவரி 5ஆம் நாள் முடிவுற்றது. ஐந்தாண்டு நிறைவதால் எழும் காலியிடம் ஒருவகை. பதவிக்காலத்தின் இடையிலே இறப்பு, விலகல், தகுதியிழப்பு, பதவிநீக்கம் ஆகியவற்றால் எழுவது மற்றொரு வகை. இரண்டாவதையே சட்டம் தற்செயல் காலியிடம் என்கிறது. நம் சமூகத்தின் அண்மைக்கால வரலாற்றோடு பிணைந்திருப்பதும் இதுவே. ஆதலின் இளைஞர்கள் இதனை ஊன்றி அறிதல் வேண்டும்.

1993ஆம் ஆண்டு ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம், உறுப்பினர் இடங்களிலும் தலைவர் பதவிகளிலும் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கீடு தந்தது. அதன் வழியே 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பிறந்தது. தற்செயல் தேர்தலில் வெல்பவர் எஞ்சிய காலத்திற்கே பதவி வகிப்பார். ஒதுக்கப்பட்ட பதவி காலியானால் அது ஒதுக்கப்பட்ட பதவியாகவே இருக்கும், இடையில் பொதுப்பதவியாகிவிடாது. சுழற்சி முறை வேறு, காலியிடம் வேறு. ஏரியில் பாடு முறை வைத்து மாறுவதை அறிந்த நம்மவர்க்கு இது எளிதில் விளங்கும். (அந்தப் பாட்டில் நம்மவர்க்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்பது தனியே எழுதத்தக்கது.)

இன்னொரு விதியை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். தலைவர் பதவி காலியாயிருக்கும் வரை அவர்தம் பணிகளைத் துணைத் தலைவரே ஆற்றுவார். அரசியலமைப்பு தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு வகுத்ததே தவிரத் துணைத் தலைவர் பதவிக்கு வகுக்கவில்லை. ஆகவே ஒதுக்கப்பட்ட நாற்காலி வெறுமையாய்க் கிடக்குமாயின், அதிகாரம் சத்தமின்றி வேறு கைக்குப் போக இடமுண்டு.

1996ஆம் ஆண்டுத் தேர்தலின்போது மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலால் முதலில் வேட்புமனுக்கள் திரும்பப் பெறப்பட்டன. டிசம்பர் 28இல் நடந்த வாக்குப்பதிவிலே வாக்குப்பெட்டிகள் பறிக்கப்பட்டன. டிசம்பர் 31இல் காவல் சூழ நடந்த தேர்தலிலே முருகேசன் வென்றார். 1997 சூன் 30ஆம் நாள், மதுரையிலிருந்து பேருந்தில் திரும்பிய அவரும் துணைத் தலைவர் மூக்கனும் உள்ளிட்ட அறுவர் படுகொலை செய்யப்பட்டனர். ஒரு காலியிடத்தை நிரப்பியதற்கு அன்று கொடுக்கப்பட்ட விலை இது.

அதே மாவட்டத்து உசிலம்பட்டி வட்டாரத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகியவற்றிலும், விருதுநகர் மாவட்டம் கொட்டகாச்சியேந்தலிலும் நடந்தது வேறு விதம். அங்கே நாற்காலி காலியாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டனர். வேட்புமனு தாக்கல் செய்ய ஆளில்லாமல் தேர்தல்கள் நின்றன. மனுச்செய்து வென்றவர்களும் பதவியேற்ற கையோடு விலகல் கடிதம் கொடுத்தனர். அதாவது, காலியிடத்தை நிரப்ப வகுத்த விதியைக் கொண்டே மீண்டும் காலியிடத்தை உண்டாக்கினர்! சட்டத்தை மீறாமலே சட்டத்தைத் தோற்கடிக்கும் இவ்வுபாயம் பத்தாண்டுகள் செல்லுபடியாயிற்று. விலகியவர்களை நாம் பழிக்க இயலாது. அவர்தம் கூலியும் குடியிருப்பும் எவர் கையில் இருந்தன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆயினும் விதி ஒன்று மட்டும் அசையவில்லை. எத்தனை முறை காலியானாலும் அப்பதவிகள் பொதுவாக்கப்படவில்லை. மீண்டும் மீண்டும் அதே ஒதுக்கீட்டுடனேயே தேர்தல் அறிவிக்கப்பட்டது. ஒருமுறையேனும் அது தளர்ந்திருக்குமாயின், புறக்கணிப்பே ஒதுக்கீட்டை நீக்கும் வழியென்று தமிழ்நாடு முழுவதும் கற்றுக்கொண்டிருக்கும்.

2006 அக்டோபரில் பொதுத் தேர்தல் வந்தது. மதுரை மாவட்ட ஆட்சியராயிருந்த உதயச்சந்திரன் ஊர்மக்களோடு பலமுறை பேசி வழி திறந்தார். நான்கு ஊராட்சிகளிலும் வாக்குப்பதிவு நடந்தது, நால்வர் தலைவராயினர். நவம்பரில் சென்னையில் சமத்துவப் பெருவிழா எடுத்து அன்றைய முதலமைச்சர் கருணாநிதி அவர்களைப் பாராட்டினார். இம்முறை பதவியேற்ற கையோடு விலகல் கடிதம் எழுதப்படவில்லை.