இனிக்கும் நஞ்சு: உறைதடுப்பு நீர்மத்தின் வரலாறு



அண்மையில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் தண்ணீர்ப் போத்தலில் பச்சை நிற நீர்மம் ஒன்றைக் கொண்டுவந்தான். தந்தையின் மகிழுந்துக்கு ஊற்றியதில் மீந்த 'கூலண்ட்' என்றான். பார்வைக்குக் குளிர்பானம் போலவே இருந்தது. உடனே வாங்கிப் பூட்டி வைத்தேன். "பனியே பெய்யாத நம் நாட்டில் இது எதற்கு, ஐயா?" என்று கேட்டான். இயந்திர நீர் எளிதில் கொதிக்காமலும் உட்பாகங்கள் துருப்பிடிக்காமலும் காப்பதற்கு என்றேன். ஆனால், இதன் வரலாறு குளிர்நாடுகளில் தொடங்குகிறது.

அங்குக் கட்டடங்களைச் சூடாக்கக் குழாய்களில் வெந்நீரைச் சுற்றவிடுவர். குளிரூட்டும் அமைப்புகளின் குழாய்கள் சில கூரைமேல் வெட்டவெளியில் செல்லும். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைவதால் உலோகக் குழாயும் வெடித்துவிடும். இதைத் தடுக்கத் தொடக்கத்தில் ஆல்ககால் கலந்தனர். அது விரைவில் ஆவியாகியது. பிரெஞ்சு வேதியியலாளர் சார்லஸ் அடோல்ஃப் வூர்ட்ஸ் 1850களில் உருவாக்கிய எத்திலீன் கிளைக்கால் அக்குறையைத் தீர்த்தது. 1927இல் அது 'பிரெஸ்டோன்' என்னும் பெயரில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது.

குழாயைக் காத்த அந்நீர்மம் மனிதனுக்கு நஞ்சு. சுவையோ இனிப்பு! உடலுக்குள் அது ஆக்சாலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தைச் சிதைக்கும். அதன் உறவுப்பொருளான டையெத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்கப்பட்ட மருந்து ஒன்று, 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அவர்களுள் குழந்தைகளும் பலர். அதன் பின்னரே, விற்பனைக்கு முன்பு மருந்தின் பாதுகாப்பை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் சட்டம் 1938இல் பிறந்தது.

கட்டடக் குழாய்களும் பாடம் புகட்டின. 1987இல் வட டக்கோட்டா மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில், தீயணைப்பு மண்டபத்தில் விருந்து நடந்தது. வெப்பமூட்டும் அமைப்பின் அருகிலிருந்த குழாயில் பிடித்த நீரில் குளிர்பானம் கலக்கினர். அவ்வமைப்பிலிருந்த எத்திலீன் கிளைக்கால் அந்நீரில் கலந்திருந்தது. குழந்தைகள் உட்பட 29 பேர் நோயுற்றனர். பருகியவர்கள் எவருக்கும் ஐயம் எழாததற்கு அந்த இனிப்பும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இத்தகைய இடங்களுக்கு உகந்த மாற்று புரொப்பிலீன் கிளைக்கால். உணவிலும் மருந்திலும் சிறிதளவு சேர்க்கப்படும் பொருள் இது. உடலில் பெரும்பாலும் லாக்டிக் அமிலமாக மாறும். கடுங்குளிரில் சற்றுக் கெட்டியாவதும் வெப்பத்தைச் சற்றுக் குறைவாகக் கடத்துவதும் இதன் குறைகள். ஆயினும் குடிநீர் கலக்க வாய்ப்புள்ள இடங்களில் அக்குறைகளைப் பொறுத்துக்கொள்வதே அறிவுடைமை.

ஒன்றை மறந்துவிடலாகாது. 'நச்சற்றது' என்றால் 'பருகத்தக்கது' என்று பொருளன்று. துருத்தடுப்புப் பொருள்களும் அதில் கலந்திருக்கும். நம் வீட்டு மகிழுந்துக்கு ஊற்றுவதோ பெரும்பாலும் எத்திலீன் கிளைக்காலே.

மறுநாள் மாணவனின் தந்தை வந்தார். "வேறு போத்தல் கிடைக்கவில்லை, ஐயா," என்றார் வருத்தத்துடன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; நானும் மண்ணெண்ணெயைப் பழைய பானப் புட்டியில் வைத்திருந்தவன்தான். அன்று மாலையே அதை அப்புறப்படுத்தினேன். நீங்களும் இன்று உங்கள் வீட்டு அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள்.