ஊதியவனுக்குத் தூக்கு

வாத்தியம் ஊதிய குற்றத்துக்காக ஒரு மனிதனைத் தூக்கிலிட்டார்கள். ஜேம்ஸ் ரீட் என்று பெயர், ஸ்காட்லாந்துக்காரன். சார்லஸ் இளவரசரின் கலகப் படையில் பேக்பைப் வாசித்தவன். 1746-ல் யார்க் நகரில் விசாரணை நடந்தது. கத்தியைத் தொடவில்லை, தோல்பையும் குழலுந்தான் தன் கையில் இருந்தன என்று மன்றாடினான். நீதிபதிகள் இணங்கவில்லை. அது இல்லாமல் மலைநாட்டுப் படை நகர்ந்ததே கிடையாது. ஆகையால் அதுவும் ஆயுதமே என்றார்கள். நவம்பரில் அவன் கதை முடிந்தது.

அவர்கள் சொன்னதிலும் ஓர் உண்மை உண்டு. பேக்பைப்புக்கு மெல்லப் பேசத் தெரியாது. பையை அணைத்து அழுத்தினால் ஒரே முழக்கம்! பிற்காலத்தில் அந்த முழக்கமே அதற்குப் புது வாழ்வு கொடுத்தது. மின்சார கித்தார் அலறும் ராக் மேடையில் தணிந்த வாத்தியம் எடுபடுமா?

1975-ல் ஆஸ்திரேலியாவின் ஏ.ஸி./டி.ஸி. குழு ஒரு பாட்டில் பேக்பைப்பைச் சேர்த்தது. பாடகர் பான் ஸ்காட், ஸ்காட்லாந்தில் பிறந்தவர். பைப் பாண்டில் இருந்தவராயிற்றே என்று அவரிடமே கொடுத்தார்கள். அவரோ அங்கே டிரம் அடித்தவர்! எப்படியோ கற்றுக்கொண்டு ஊதிவிட்டார். 1976-ல் மெல்போர்ன் வீதியில் லாரியின் மேல் அந்த வாத்தியத்துடன் ஊர்வலமே போனார்.

2002-ல் ஸ்காட்லாந்திலேயே ரெட் ஹாட் சில்லி பைப்பர்ஸ் என்ற குழு தோன்றி, ராக் பாட்டுகளை பேக்பைப்பில் முழக்கியது. கூட்டம் ஆரவாரம் செய்தது. ரீட் ஊதியதும் இதே வாத்தியத்தைத்தான். பாவம், அவனுக்குக் கிடைத்தது கயிறு.